“சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்” என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

மும்பையிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், தொடர், சேனல் எதுவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருந்தார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வயது 29. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி. கல்லூரி நாடகத்தில் தொடங்கி, வெர்சோவா ஆராம் நகர் ஆடிஷன் வரிசைகளில் மூன்று வருடம் நின்று, ஒரு நாள் வேடம், இரண்டு நாள் வேடம் என்று செய்து, கடைசியில் ஒரு இந்தி மெகா தொடரில் கதாநாயகியின் ஓரகத்தி வேடம் கிடைத்திருக்கிறது. கொஞ்சம் வில்லத்தனம், நிறைய க்ளோஸப். செட் நாய்காவில். அதற்காகவே கணவரோடு மீரா ரோட்டுக்கு வீடு மாறியிருக்கிறார். ஒப்பந்தம் மூன்று வருடம், அதில் ஒரு வருடம் நான்கு மாதம் முடிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 14,000 ரூபாய், மாதம் குறைந்தது 18 நாள் உத்தரவாதம். பணம் 90 நாள் கழித்துத்தான் வரும், அதனால் எப்போதும் மூன்று மாத சம்பளம், ஏறக்குறைய ஏழரை லட்சம், அவர்கள் கையில் நிற்கிறது.

இப்போது பதினொரு வாரக் கர்ப்பம். இருவரும் ஆசைப்பட்டு வந்த குழந்தை. செட்டில் சொல்லவில்லை. ஒரே ஒருவரிடம், தன்னை அந்த வேலைக்குக் கொண்டுபோன கோஆர்டினேட்டரிடம், நம்பிச் சொல்லியிருக்கிறார். அவர் முதலில், “இப்போதுதான் கேரியர் எழுகிறது, யோசித்து முடிவு எடு” என்றிருக்கிறார். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்ஆப்பில் ஒரு கடிதம் வந்திருக்கிறது: “சொந்தக் காரணங்களால் நானாகவே இத்தொடரிலிருந்து விலகுகிறேன், எனக்கு இனி எந்த நிலுவையும் கோரிக்கையும் இல்லை.” கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அபராதம் இல்லாமல் சுமூகமாக முடித்துத் தருகிறேன் என்று வாக்குறுதி. ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் 25 லட்சம் அபராதம் என்று இருக்கிறது. “தோற்றத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம்” ஏற்பட்டால் நிறுவனம் 30 நாள் நோட்டீஸில் நீக்கலாம் என்றும் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆறு மாதம் வேறு சேனலில் நடிக்கக்கூடாதாம்.

அம்மா, “வயிறு தெரியும் வரை வாயைத் திறக்காதே” என்கிறார். கணவர், “கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டில் இரு” என்கிறார். பக்கத்து வீட்டில் வங்கியில் வேலை செய்யும் அக்கா, “26 வாரம் சம்பளத்தோடு லீவு உன் உரிமை” என்கிறார். தோழி ஒருத்தி, அமெரிக்காவில் ஒரு சீரியல் நடிகை இதே விஷயத்துக்காக வழக்குப் போட்டுக் கோடிக்கணக்கில் வாங்கினார் என்று ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார். “அக்கா, இதில் யார் சொல்வதைக் கேட்பது? அவர்கள் வேறு ஆளைப் போடாமல் ஸ்டே வாங்க முடியுமா?” என்று முடிகிறது கடிதம்.

முதலில் வாழ்த்து. கடிதம் முழுக்க பயமாகவே இருக்கிறது, குழந்தை வரப்போகிற சந்தோஷத்துக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது.

அடுத்து, வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்: அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “பார்க்கிறேன்”, “சரி” என்றுகூட பதில் அனுப்பாதீர்கள். இன்றைக்கு உங்கள் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. மாதம் 18 நாள் உத்தரவாதம் அவர்கள் தலையில் இருக்கிறது. உங்களை நீக்கவேண்டும் என்றால் அவர்கள்தான் எழுத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும், காரணமும் சொல்லவேண்டும், அந்தக் காரணம் “கர்ப்பம்” என்று காகிதத்தில் வருவதை எந்த நிறுவனமும் விரும்பாது. அதனால்தான் விலகியது நீங்கள் என்று உங்கள் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். இரண்டாவது பாதியைக் கவனித்தீர்களா? “எந்த நிலுவையும் இல்லை.” அந்த மூன்று வார்த்தைக்கு விலை உங்கள் ஏழரை லட்சம். அபராதத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே, உழைத்து முடித்த பணத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்.

சில வருடம் முன்பு இதே மாதிரி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் என்னிடம் வந்தார் ஒரு பெண். அவரும் தொடர் நடிகைதான், அவர் விஷயத்தில் காரணம் முதுகுவலி. மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை, கையெழுத்து அவருடையது, “நன்றி சார்” என்று பின்னாலேயே ஒரு மெசேஜ் வேறு. ஒன்றரை வருடம் அலைந்து பாதிப் பணம்கூட வரவில்லை. நீங்கள் கையெழுத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம்.

கோஆர்டினேட்டர் சொன்ன அந்த முதல் வாக்கியத்துக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்கள் முடிவு தெளிவாக இருக்கிறது, அதைத் தாண்டி யாருக்கும் பேச இடம் இல்லை. நம் நாட்டின் கருக்கலைப்புச் சட்டமே வயது வந்த பெண்ணின் சம்மதத்தை மட்டும்தான் கேட்கிறது, கணவரின் கையெழுத்தைக்கூடக் கேட்பதில்லை. அப்படியிருக்க உங்களுக்கு வேலை வாங்கிக்கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவருக்கு அதில் என்ன பேச்சு? அவர் அதை மெசேஜில் சொல்லியிருந்தால் அழிக்காதீர்கள். போன் மாற்றாதீர்கள். அந்த உரையாடலை அப்படியே எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள்.

அமெரிக்க நடிகையின் வழக்கு

தோழி அனுப்பியது உண்மைச் செய்திதான். அந்த நடிகை ஹன்டர் டைலோ. உங்கள் அம்மாவுக்கு அந்த முகம் நினைவிருக்கலாம். 90களின் தொடக்கத்தில் கேபிள் வந்த புதிதில் ஸ்டார் ப்ளஸில் ஓடிய ‘தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்’ தொடரில் டெய்லர் என்ற மனநல மருத்துவராக வந்தவர். சயான் பக்கம் எங்கள் கட்டடத்தில் பாதி மாமிகளுக்கு ஆங்கிலம் புரியாது, ஆனாலும் அந்தத் தொடர் வரும் நேரத்தில் குக்கரை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள்.

1996இல் அவர் அந்தத் தொடரை விட்டுவிட்டு, அப்போது உச்சத்தில் இருந்த ‘மெல்ரோஸ் பிளேஸ்’ தொடருக்கு ஒப்பந்தம் ஆனார். ஒரு நாள்கூட அங்கே நடிக்கவில்லை. கர்ப்பமாக இருக்கிறேன் என்று அவரே சொன்னார், உடனே நீக்கிவிட்டார்கள். காரணம்? உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிற அதே வாசகம்தான், தோற்றத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம். பிறர் கணவனை மயக்கும் பெண்ணின் வேடம், வயிற்றோடு எப்படி நடிப்பது என்று வாதாடினார்கள். அதே தொடரில் நாயகியாக இருந்த ஹீதர் லாக்லியர் கர்ப்பமானபோது மட்டும் கேமராவை மேலே தூக்கிப் படமெடுக்கத் தெரிந்தது அவர்களுக்கு. 1997 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழு (ஜூரி) சுமார் 49 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வழக்கு நடந்தபோது டைலோ மறுபடியும் நிறைமாதம், அந்த நிலையிலேயே பழைய தொடரில் நடித்துக்கொண்டும் இருந்தார். நடுவர் குழு கண்ணெதிரே பார்த்தது, வயிற்றோடும் ஒரு பெண் கேமரா முன் நிற்க முடியும் என்று.

இதைப் படித்து எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதை வைத்து நீங்கள் கணக்குப் போடக்கூடாது. அவருக்குப் பின்னால் கலிபோர்னியாவின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் நின்றது, அது தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். மன வேதனைக்கு லட்சக்கணக்கில் டாலர் கொடுக்கும் நடுவர் குழு முறையும் அங்கே இருக்கிறது. இங்கே நம் சிவில் நீதிமன்றங்களில் அது இல்லை. அரசியல் சாசனத்தின் 14, 15 பிரிவுகளை ஒரு தனியார் தயாரிப்பு நிறுவனத்தின் மேல் நேராக வீச முடியாது. அந்த வழக்கிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டியது தொகையை விட வேறொன்று: அவர் மறைக்கவில்லை, முதலில் சொன்னார். நீக்கியது அவர்கள், அதுவும் எழுத்தில். வழக்கு நின்றதே அந்த வரிசையால்தான்.

26 வாரம் கிடைக்குமா?

பக்கத்து வீட்டு அக்கா வங்கி ஊழியர், அவர் சொல்வது அவருக்குச் சரி. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆனது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் இது “ஊழியர்” என்ற சொல்லுக்குள் வருகிறவருக்கு. உங்கள் ஒப்பந்தத்தில் நீங்கள் “சுயாதீனக் கலைஞர்” என்று போட்டிருக்கும், உங்கள் பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளும் வரியும் தொழில்முறைக் கட்டணத்துக்கான டி.டி.எஸ்தான். நிறுவனம் அதைத்தான் முதல் வரியாகச் சொல்லும்.

அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கால் டைம் போடுவது யார், எப்போது பேக்கப் என்று சொல்வது யார், வேறு எங்கும் வேலை செய்யக்கூடாது என்று கட்டிப்போட்டிருப்பது யார், இதையெல்லாம் பார்ப்பார்கள். தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அந்தப் பயன் தொடரும் என்று 2023இல் ஒரு ஒப்பந்த மருத்துவர் வழக்கில் சொன்னது. அப்புறம், புதிய தொழிலாளர் சட்டங்களில் “ஒலி-ஒளித் தயாரிப்புத் தொழிலாளர்” என்ற வகைக்குள் தொலைக்காட்சி நடிகர்களும் வருகிறார்கள், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதற்குச் சம்பள உச்சவரம்பு உண்டு என்பதையும் மறக்கக்கூடாது.

ஆக உங்களுக்கு ஒரு வாதம் இருக்கிறது, நல்ல வாதம். ஆனால் அது கையில் இருக்கும் காசோலை இல்லை. பிரசவச் செலவுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், அதைப் பேச்சுவார்த்தையில் உங்கள் பக்கத்து எடையாக வைத்துக்கொள்ளுங்கள். கணவர் வேலை செய்யும் இடத்தில் குழு மருத்துவக் காப்பீடு இருந்தால் அதில் மனைவியின் பிரசவம் அடங்குமா என்று இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்; பல நிறுவனங்களில் காத்திருப்புக் காலம் இல்லாமலே இருக்கிறது. இப்போது போய்த் தனியாக பாலிசி எடுத்தால் இந்தப் பிரசவத்துக்கு உதவாது.

25 லட்சம், ஸ்டே, ஆறு மாதத் தடை

ஒப்பந்தத்தில் 25 லட்சம் என்று அச்சடித்திருப்பதால் 25 லட்சம் கொடுத்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74: எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 1963இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியதிலிருந்து இன்றுவரை அதுதான் நிலை. ஒரு ஓரகத்தி வேடத்தை மாற்றினால் உண்மையில் என்ன நஷ்டம்? ஒரு லுக் டெஸ்ட், ஒரு ப்ரோமோ, புது நடிகைக்குச் சில நாள் சம்பளம். இந்தித் தொடர்களில் விபத்துக்குப் பிறகு வேறு முகத்தோடு திரும்பி வராத பாத்திரம் எது? அதையும் மீறி, நீங்கள் விலகவே இல்லை என்றால் அந்தப் பிரிவே உங்கள் பக்கம் வராது.

ஸ்டே பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிடைக்காது, அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுவது நல்லது. தனிமனிதத் திறமையை நம்பிய ஒப்பந்தத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற நம் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டம் (Specific Relief Act) இடம் தருவதில்லை. உங்களைப் பிடித்து இழுத்து நடிக்கவைக்க அவர்களால் முடியாது, உங்களையே நடிக்கவைக்கவேண்டும் என்று நீங்களும் கேட்க முடியாது. தவறாக நீக்கினால் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் இன்னொரு கதவு அவர்களுக்குத் திறந்திருக்கிறது: ஒப்பந்தக் காலத்துக்குள் நீங்கள் வேறு இடத்தில் நடித்தால் அதைத் தடுக்க முடியும். ஹாலிவுட்டின் பெட்டி டேவிஸையே அப்படித் தடுத்தார்கள். 1936இல் ஸ்டுடியோவோடு சண்டை போட்டு இங்கிலாந்துக்கு வந்து வேறு படத்தில் நடிக்கப் பார்த்தார். லண்டன் நீதிமன்றம், ஸ்டுடியோவுக்கு நடிக்கச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டோம், ஆனால் வேறு யாருக்கும் நடிக்கக்கூடாது என்றது. சட்டம் படிக்கிற எல்லோரும் அந்த வழக்கைப் படிக்கிறோம். நம் துயர்தணிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவும் அதே வழியில்தான் போகிறது. அதனால் சென்னையில் ஒரு தமிழ்த் தொடர் பேசிவருகிறது என்று எழுதியிருந்தீர்களே, இந்த ஒப்பந்தம் முறையாக முடிந்து, எழுத்தில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கையில் வராமல் அதற்கு முன்பணம் வாங்காதீர்கள்.

முடிந்த பிறகு ஆறு மாதம் என்ற தடைக்குப் பயப்படவேண்டாம். ஒப்பந்தம் முடிந்தபின் ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகிர் கான் மீது அவருடைய விளம்பர முகவர் நிறுவனம் போட்ட வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது.

தகராறு வந்தால் அதைத் தீர்க்கும் நடுவரை (ஆர்பிட்ரேட்டர்) நிறுவனமே நியமிக்கும் என்றும் ஒரு பிரிவு இருக்கிறதாமே. 2019இலிருந்து அது நிற்காது. முடிவில் ஆதாயம் உள்ள ஒரு தரப்பு தனியாக நடுவரை நியமிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைத் தெரிந்து வைத்திருங்கள் போதும், இப்போது பேசவேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது?

அம்மா சொல்வதில் ஒரு பாதி நியாயம் உண்டு. பன்னிரண்டு வார ஸ்கேன் முடியும்வரை காத்திருப்பது உங்கள் உரிமை, அதுவரை சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. அதற்குமேல் மறைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாய்காவ் செட்டில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பத்துப் பன்னிரண்டு கிலோ லெஹங்கா, பூஜை சீன் என்றால் முகத்துக்கு நேரே புகை, மாடிப்படியிலிருந்து தள்ளிவிடும் சீன் ஓரகத்திக்கு எப்படியும் ஒரு நாள் வரும். உங்களுக்கு முடியாது என்று அவர்களுக்குத் தெரியாவிட்டால் அந்த சீனில் நீங்கள்தான் நிற்பீர்கள். அதை விட ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது: ஐந்தாவது மாதத்தில் உடை அளவெடுப்பவர் கண்டுபிடித்துச் சொன்னால், “எங்களிடம் மறைத்தார், முன்கூட்டி எடுத்து வைத்த பத்து எபிசோட் வீணானது” என்று கதை அவர்கள் பக்கம் திரும்பும். நீங்களே சொன்னால், மாற்றுக்கு நேரம் கொடுத்தவர் நீங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். “ஓய்வு தேவை” என்று பொதுவாக எழுதி வாங்காதீர்கள், அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். வேலை செய்யத் தகுதியானவர் என்று முதல் வரியிலும், எதெல்லாம் கூடாது என்று அடுத்த வரிகளிலும் இருக்கட்டும்: எத்தனை மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது, எடை, புகை, கயிற்றில் தொங்கும் ஹார்னஸ், இரவு ஷிஃப்ட். எது கூடும், எது கூடாது என்பது மருத்துவர் சொல்லவேண்டியது, நான் இல்லை.

அந்தக் கடிதத்தை இணைத்து ஒரு மெயில். வாட்ஸ்ஆப் வேண்டாம், கோஆர்டினேட்டர் வழியாக வேண்டவே வேண்டாம். ஒப்பந்தத்தில் நோட்டீஸுக்கென்று கொடுத்திருக்கும் மெயில் முகவரிக்கு நேராக, தயாரிப்பு நிறுவனத்துக்கு. எளிமையான ஐந்தாறு வரி. கர்ப்பமாக இருக்கிறேன், இன்ன மாதம் பிரசவம். ஒப்பந்தத்தைத் தொடர விரும்புகிறேன். மருத்துவர் சொன்ன கட்டுப்பாடுகள் இவை. இன்ன மாதம் வரை வேலை செய்யமுடியும், இன்ன மாதம் திரும்பி வரமுடியும். விலகுவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை, என் சார்பில் யாரும் சொல்ல அதிகாரம் இல்லை. கடைசி வரிதான் கோஆர்டினேட்டருக்கு.

அதோடு ஒரு யோசனையும் நீங்களே வையுங்கள், கிரியேட்டிவ் டீம் யோசித்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். உங்கள் பாத்திரம் புடவை கட்டும் பாத்திரம் என்று எழுதியிருந்தீர்கள். இதைவிட வசதி வேறு இல்லை. முந்தானை, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்த சீன், க்ளோஸப், தூரத்து ஷாட்டுக்கு டூப் என்று ஏழாவது மாதம் வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு ஓரகத்தி ஜெயிலுக்குப் போகலாம், மாமனார் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு துபாய் போகலாம், போனில் மட்டும் வரலாம். அந்த போன் சீன்களை முன்கூட்டியே ஒரே நாளில் பத்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். தொடர் லீப் எடுக்கப்போகிறது, அதாவது கதை சில வருடம் தாண்டிப் போகப்போகிறது என்று செட்டில் பேச்சு இருந்தால் அது உங்களுக்கு நல்லது, பிரசவத்தோடு சேர்த்துவிடலாம். பணம் மிச்சமாகும் வழியைக் காட்டினால் எந்தத் தயாரிப்பாளரும் காது கொடுப்பார், அவர் நல்லவராக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

இப்போதே செய்யவேண்டிய இன்னொரு வேலை, நிலுவைக் கணக்கு. வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு எதிரே அந்த நிறுவனம் கட்டிய டி.டி.எஸ் விவரம் இருக்கும். நிலுவையில் உள்ள மாதங்களுக்கு வரி கட்டியிருந்தால், உங்களுக்குப் பணம் தரவேண்டும் என்று அவர்களே அரசாங்கத்திடம் ஒப்புக்கொண்டதுபோல. பதிவிறக்கி வையுங்கள். தினமும் வரும் கால் டைம் மெசேஜ்கள், கையெழுத்திட்ட வவுச்சர்கள், ஒளிபரப்பான எபிசோட் தேதிகள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் நாள்வாரியாக எழுதுங்கள். பணம் வரவேண்டிய தேதியிலிருந்து மூன்று வருடம் வரை வழக்குப் போடலாம், அதனால் பதறவேண்டாம்.

மெயில் போனதும் என்ன நடக்கும்? மூன்றில் ஒன்று. ஒத்துக்கொண்டால் அந்த ஏற்பாட்டை ஒரு பக்கத் துணை ஒப்பந்தமாக எழுதி வாங்குங்கள், திரும்பி வரும் மாதம் அதில் இருக்கட்டும். முறையாக 30 நாள் நோட்டீஸ் கொடுத்தால் அந்த 30 நாளுக்கான உத்தரவாதத் தொகையும் நிலுவையும் கேளுங்கள், நீக்கியதை ஏற்கவில்லை என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். மூன்றாவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடப்பது: எதுவும் சொல்லாமல் கால் டைம் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். நீங்களே சலித்துப்போய் விலகட்டும் என்று. அப்போது வாரம் ஒரு மெயில், “வேலைக்குத் தயாராக இருக்கிறேன், கால் டைம் வரவில்லை.” வேறொன்றும் வேண்டாம். 18 நாள் உத்தரவாதம் அப்படியே ஏறிக்கொண்டிருக்கும்.

நடிகர் சங்கமான சின்டாவில் நீங்கள் உறுப்பினரா என்று எழுதவில்லை. உறுப்பினர் என்றால், பணம் நின்றால் வழக்குக்கு முன்னால் அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தயாரிப்பாளர்களோடு தினமும் முகம் பார்த்துப் பேசுகிற இடம் அது, சங்கத்திலிருந்து ஒரு போன் போனால் நகர்கிற பணம் வக்கீல் நோட்டீஸுக்கு நகராமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உறுப்பினர் இல்லை என்றால் இப்போதே விண்ணப்பம் போடுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை. அவர் உங்கள் நிம்மதிக்காகச் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கையெழுத்தால் நிம்மதி வராது, ஏழரை லட்சம் போகும், அப்புறம் குழந்தை பிறந்து எட்டாவது மாதத்தில் நீங்கள் மறுபடி ஆராம் நகர் வரிசையில் நிற்கும்போது “போன தொடரில் பாதியில் விட்டுப்போனவள்” என்ற பேர் முன்னாலேயே போய் நிற்கும். வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்து விலகினால் அது வேறு, அதற்கும் மரியாதையான வழி இருக்கிறது: நிலுவை முழுவதும் கணக்கில் வந்த பிறகு, இரண்டு தரப்பும் சேர்ந்து கையெழுத்திடும் விடுவிப்புப் பத்திரம், அதில் அபராதம் இல்லை என்ற வரி. உங்கள் கடிதத்தைப் படித்தவரை நீங்கள் விலக ஆசைப்படவில்லை. “க்ளோஸப் போடும்போது இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது” என்று எழுதியிருக்கிறீர்களே.

மெயிலை வியாழக்கிழமை அனுப்பாதீர்கள். டிஆர்பி வருகிற நாள், எண் குறைந்திருந்தால் அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் நிதானமாகப் படிக்கமாட்டார்கள். திங்கள் காலை, ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்னால் அனுப்பிவிட்டு, அன்றைக்கும் வழக்கம்போல் கால் டைமுக்கு செட்டில் போய் நில்லுங்கள்.